விமானியின் முதுகு



2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பெருமழையை நம்மவர்கள் எளிதில் மறந்துவிட இயலாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. அப்பகுதியில் ஓராண்டு முழுவதும் வழக்கமாகப் பெய்வதைவிட இது அதிகம். சாலைகள் அறுந்து, பாலங்கள் மூழ்கி, ஊர்கள் தீவுகளாகிவிட்ட அந்நாட்களில் விமானப்படை, கடற்படை ஹெலிகாப்டர்கள்தாம் வானிலிருந்து உணவுப் பொட்டலங்களை இறக்கின. ஸ்ரீவைகுண்டம் இரயில் நிலையத்தில் சிக்கிக்கொண்ட நூற்றுக்கணக்கான பயணிகளுக்கும் அவ்வாறே உணவு போய்ச் சேர்ந்தது.

வேங்கிக்காலில் நான் பாடம் நடத்தும் மதரஸாவில், அஸருக்குப் பின் ஓத வரும் சிறுவர்கள் அந்தப் படக்காட்சியைக் கைப்பேசியில் பார்க்க வேண்டுமென்று அன்று அடம்பிடித்தார்கள். பாடம் முடிந்ததும் காட்டினேன். பொட்டலம் ஒவ்வொன்றும் கீழே விழும்போது பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். அவ்வேளை வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் எங்கள் தெருவில் வசிக்கும் பெரியவர் ஒருவர். அரக்கோணத்திலுள்ள கடற்படை விமானத் தளத்தில் ஹெலிகாப்டர் பழுதுபார்க்கும் பிரிவில் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர் அவர்.

"எல்லாரும் மேலேயிருந்து விழுகிற பொட்டலத்தைத்தான் பார்க்கிறீர்கள், பாய். அதை ஓட்டுகிறவருடைய முதுகு படுகிற பாடு யாருக்குத் தெரியும்?" என்றார் அவர்.

முதுகா? எனக்கு விளங்கவில்லை. ஹெலிகாப்டர் ஓட்டுபவருக்கு இருக்கக்கூடிய அபாயங்களாக மழை, காற்று, மின்கம்பி, மலைமுகடு ஆகியவற்றை எண்ணிப் பார்த்திருக்கிறேன். முதுகுவலியை ஒருநாளும் எண்ணியதில்லை. வரலாறு படித்துப் பட்டம் பெற்ற எனக்கு இயந்திரங்களைப் பற்றிய அறிவு குறைவு. ஆனால் முதுகுவலியைப் பற்றிச் சொல்லித்தர எனக்கு எவரும் தேவையில்லை. இருபது ஆண்டுகளாகத் தரையில் சம்மணமிட்டுக் குனிந்து ஓதிக்கொடுப்பவன் நான்.

பெரியவரை உள்ளே அழைத்து நாற்காலி போட்டேன். அந்த நாற்காலியிலேயே அவர் எனக்கு ஹெலிகாப்டர் ஓட்டிக் காட்டினார்.

இடக்கையை நாற்காலியின் பக்கவாட்டில், இடுப்புக்கும் கீழே இறக்கினார். ஹெலிகாப்டரை மேலே தூக்கவும் கீழே இறக்கவும் பயன்படும் நெம்புகோல் அங்கேதான் இருக்கிறது. அதற்குக் கலெக்டிவ் என்று பெயர். நம் ஊர்க் கார்களில் உள்ள கைப்பிரேக் போலத் தாழ்வாக இருப்பதால், அதைப் பிடிக்க உடல் இடப்பக்கமாகச் சாய்ந்தே ஆக வேண்டும். வலக்கையை இரு முழங்கால்களுக்கும் நடுவே கொண்டு வந்தார். முன்னே, பின்னே, பக்கவாட்டில் செலுத்தும் சைக்ளிக் என்னும் கம்பு அங்கே நிற்கும். அதை மயிரிழை அளவே அசைக்க வேண்டியிருப்பதால், கை நடுங்காதிருக்க விமானி முன்கையைத் தன் வலத்தொடையின்மேல் ஊன்றிக்கொள்வார். தொடையில் கை ஊன்ற வேண்டுமானால் முன்னே குனியாமல் முடியுமா? இரண்டு கால்களும் பெடல்களின் மேல். வால்பகுதியில் சுழலும் சிறு விசிறியைக் கட்டுப்படுத்துபவை அவை. எந்த நொடியும் மிதிக்கவோ விடவோ ஆயத்தமாக இருக்க வேண்டுமாதலால், காலை ஊன்றி உடலின் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளவும் வழியில்லை.

இப்போது அவரைப் பார்த்தேன். இடப்பக்கம் சாய்ந்து, முன்னே குனிந்து, இடுப்பில் சற்றே முறுக்கிக்கொண்டு, தலையை மட்டும் நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்நாற்காலியில் இருந்தது ஒரு விமானியா, கூன் விழுந்த கிழவரா என்று ஐயமாக இருந்தது. ஆங்கிலம் பேசும் விமானிகளிடையே இந்த இருப்புக்கு 'ஹெலிகாப்டர் கூன்' என்றே பட்டப்பெயர் உண்டாம்.

"கார் ஓட்டுகிறவர் ஒரு கையை விடலாம், பாய். சாய்ந்துகொள்ளலாம். ஓரமாக நிறுத்தித் தேநீர் குடிக்கலாம். இவர் எதையும் விட முடியாது" என்றார்.

அது உண்மையே. தானே ஓட்டிக்கொள்ளும் கருவிகள் பொருத்தப்பட்ட புதிய வகைகளில் இந்த நெருக்கடி ஓரளவு தளர்ந்திருக்கிறது. ஆனால் 1960களின் நடுப்பகுதியிலிருந்து பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் செய்து தந்த சேத்தக் போன்ற பழைய வகைகள் பலவற்றில் கையும் காலும் ஓய்வறியா. நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக விமானிகள் கற்றுக்கொண்டது இந்தச் சேத்தக்கில்தான். 1992ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தொடங்கப்பட்ட அரக்கோணம் 'இராஜாளி' தளத்திலேயே கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இயங்கி வந்திருக்கிறது. (இராஜாளி என்னும் தமிழ்ப் பறவைப் பெயரைக் கடற்படையார் தேர்ந்தெடுத்தது எனக்கு மகிழ்ச்சி தருவது.) அங்கே பயிலும் இளைஞருக்கு முதலில் வாய்ப்பது சிறகு. அதற்குச் சற்றுப் பின்னால் வாய்ப்பது இடுப்புவலி.

பறந்து செல்வதைவிடக் கடினமானது அந்தரத்தில் அசையாமல் நிற்பது. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது சாலக்குடியில் நடந்ததை வாசகர்கள் சிலர் நினைவில் வைத்திருக்கக்கூடும். கடற்படையின் லெப்டினன்ட் கமாண்டர் அபிஜித் கருட் தம் ஸீகிங் ஹெலிகாப்டரை ஒரு வீட்டின் மொட்டைமாடியிலேயே இறக்கி 26 பேரை ஏற்றிச் சென்றார். முழு எடையையும் இறக்கினால் மாடி இடிந்துவிடும். ஆகவே சக்கரங்கள் தளத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்குமாறு ஏறத்தாழ எட்டு நிமிடங்கள் நிறுத்தி வைத்தார். அந்த எட்டு நிமிடமும் அவருடைய இரு கைகளும் இரு கால்களும் விநாடிதோறும் இயங்கியிருக்கும். முதுகு மட்டும் ஒரே நிலையில் பூட்டுப் போட்டாற்போல் இருந்திருக்கும்.

ஹெலிகாப்டர் விமானிகளிடையே பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் பாதிப் பேருக்கும் மேற்பட்டோர் முதுகுவலி உண்டென்று கூறியிருக்கின்றனர். சில ஆய்வுகளில் இது பத்தில் எட்டுப் பேரையும் தாண்டுகிறது. விமானப்படையிலேயே இருந்துகொண்டு பறக்காமல் பணி செய்யும் அதிகாரிகளோடு ஒப்பிட்டால் இது பன்மடங்கு. வலி இருவகைப்படும். பறக்கத் தொடங்கி ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் இடுப்பில் மந்தமாய்க் கிளம்பி, இறங்கிய சில மணி நேரத்தில் மறைந்துவிடுவது ஒன்று. பறந்த மணிகள் நூற்றுக்கணக்கில் கூடக் கூட, இறங்கிய பின்னும் போகாமல் வீடுவரை கூடவே வந்து, இரவில் புரண்டு படுக்க விடாமல் செய்வது மற்றொன்று. முதலாவதைச் சிரித்துக் கடந்தவரே இரண்டாவதில் மாட்டிக்கொள்கிறார்.

இவ்வலியின் மூலம் எது? நானும் உடனே விடை சொன்னேன்: "அந்த ஆட்டந்தான் காரணமாக இருக்க வேண்டும்!" யாரும் அப்படித்தான் சொல்வார்கள். அதற்கு நியாயமும் உண்டு. சேத்தக்கின் மூன்று இறக்கைகளும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 350 முறை சுழல்கின்றன. அதாவது நொடிக்கு ஆறு சுற்றுக்குச் சற்றுக் குறைவு. அமர்ந்திருக்கும் மனிதனின் நடுவுடலோ, நொடிக்கு 4 முதல் 6 வரையிலான அதிர்வுக்குத்தான் மிகுதியாகக் குலுங்கக்கூடியது. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் சிறு விசைக்கும் பெரிதாக ஆடுமல்லவா? அதுபோல. ஆதலால் பல்லாண்டுகளாக மருத்துவர்களும் அதிர்வையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருந்தனர்.

1984ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவத்தின் விமான மருத்துவ ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையைத் தேடிப் படித்தேன். எளிய சோதனைதான். ஆனால் அதன் அழகு என்னை வியக்க வைத்தது. வியட்நாம் போரில் பெயர்பெற்ற 'ஹியூயி' ஹெலிகாப்டரின் இருக்கையையும் கைப்பிடிகளையும் அப்படியே தரையில் அமைத்தார்கள். அதை விரும்பியபோது குலுக்கவும், விரும்பியபோது நிறுத்தவும் வழி செய்தார்கள். பதினொருவரை அதில் இரண்டு மணி நேரம் அமர வைத்தார்கள். ஒருமுறை உண்மைப் பறத்தலில் உள்ளதுபோல் குலுக்கினார்கள். மறுமுறை குலுக்காமல், வெறுமனே விமானியின் இருப்பில் உட்காரச் செய்தார்கள்.

முடிவு என்ன? இருமுறையும் வலித்தது. பறக்கும்போது அவர்களுக்கு வழக்கமாக எப்படி வலிக்குமோ அப்படியே வலித்தது. வலி தொடங்கிய நேரத்திலும் சரி, வலியின் கடுமையிலும் சரி, குலுக்கியதற்கும் குலுக்காததற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அஃதாவது, முதன்மைக் குற்றவாளி ஆட்டமன்று, அசையாமை. குனிந்து, சாய்ந்து, முறுக்கி, அதே நிலையில் நகர விடாமல் வைத்திருத்தல். அதிர்வு முற்றிலும் நிரபராதி என்று பொருளில்லை. தசைகளை விரைவில் களைக்கச் செய்வதிலும், நெடுங்காலத்தில் எலும்பையும் குருத்தையும் தேய்ப்பதிலும் அதற்குப் பங்கு இருக்கலாம் என்றே மருத்துவர்கள் கருதுகின்றனர். ஆயினும் அது கூட்டாளியே, தலைவன் அன்று.

குனிந்தால் உள்ளே என்ன நேர்கிறது என்பதை ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்ஸன் 1960களில் அளந்து பார்த்தார். முதுகெலும்புகளுக்கு இடையே டிஸ்க் எனப்படும் குருத்து வில்லைகள் உள்ளன. அவற்றுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அறிந்தார். நிமிர்ந்து நிற்கும்போது அழுத்தம் 100 என்று கொண்டால், அமரும்போது 140, அமர்ந்தபடி முன்னே குனிந்தால் 185 என்பது அவர் கணக்கு. 1999இல் ஜெர்மனியில் நுண்ணிய கருவிகொண்டு அளந்தபோது, தளர்வாகச் சாய்ந்து அமர்வது நிற்பதைவிட மோசமில்லை என்று தெரியவந்தது. அமர்ந்து குனிவது மோசம் என்பது மட்டும் மாறவில்லை.

இந்த இடத்தில் என் குற்றம் ஒன்றை வாசகர் முன் வைக்க வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஹிஃப்ழு ஓதிய ஒரு சிறுவன் பாடவேளையில் ஓயாமல் நெளிவான். காலை மாற்றுவான், முதுகை வளைப்பான், பின்னே கையூன்றிச் சாய்வான். "ஒழுங்காக உட்கார்!" என்று எத்தனையோ முறை கடிந்திருக்கிறேன். ஒருநாள் அரைமணி நேரம் அசையாமல் உட்கார வேண்டுமென்று தண்டனையும் கொடுத்தேன். அவன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அது பிடிவாதக் கண்ணீர் என்றுதான் நினைத்தேன். வயதுக்கு மீறிய உயரம் அவனுக்கு. சிறு பிள்ளைகளுக்காகச் செய்த தாழ்ந்த ரைஹால் பலகையில் கிதாபை வைத்து, மற்றவர்களைவிட இரு மடங்கு குனிந்து ஓதிக்கொண்டிருந்தான். அவன் உடல் நெளிந்து நெளிந்து தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நான்தான் அதைத் தடுத்து, அந்த அமெரிக்கச் சோதனையை அறியாமலேயே ஓர் ஏழைப் பிள்ளையின் முதுகில் நடத்திவிட்டேன். பெரியவர் நாற்காலியில் குனிந்து காட்டிய அன்றிரவு அவன் முகம் என் நினைவுக்கு வந்து உறக்கம் பிடிக்கவில்லை.

அவன் ஏன் "வலிக்கிறது, ஹஜ்ரத்" என்று சொல்லவில்லை? சொல்ல அஞ்சினான். விமானிகளின் கதையிலும் இதே அச்சம்தான் நோயைவிடப் பெரிய நோயாக இருக்கிறது.

படை விமானியாகச் சேருமுன்பே முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். சேர்ந்த பின்பும் ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை உண்டு. ஐயத்துக்குரியவர்களை ஆராய்வதற்கென்றே 1957இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட விமான மருத்துவ நிலையம் இருக்கிறது. உடல்தகுதியில் படி குறைந்தால் பறப்பதற்குத் தடையோ கட்டுப்பாடோ வரலாம். பறப்பதே வாழ்வு என்றிருப்பவருக்கு இது எத்தகைய இடி! ஆகவே வலியை மறைக்கிறார். மருத்துவரிடம் போகாமல் மாத்திரை வாங்கி விழுங்குகிறார். தசையைத் தளர்த்தும் மாத்திரைகள் பல மயக்கத்தையும் உறக்கத்தையும் வருவிப்பவை. கடலின் மேல், இரவில், பத்துப் பதினைந்து உயிர்களைப் பின்னால் வைத்துக்கொண்டு பறப்பவருக்கு அது எப்பேர்ப்பட்ட ஆபத்து என்று சொல்ல வேண்டுவதில்லை. மாத்திரை விழுங்காமல் பொறுத்துக்கொண்டாலும் கவனம் சிதறும். வலிக்கும் இடத்தைத் தளர்த்த நினைக்கும் மனம், கண் முன்னுள்ள கருவியை ஒரு கணம் மறக்கும்.

இதில் விமானிகளை மட்டும் குறை கூறுதல் முறையன்று. வலியைச் சொன்னவன் வேலையை இழப்பான் என்று ஏற்பாடு செய்துவிட்டு, ஏன் சொல்லவில்லை என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? தொடக்கத்திலேயே சொன்னால் சில வாரங்களில் சரிசெய்து மீண்டும் பறக்க அனுப்பலாம் என்ற நம்பிக்கையை விமானிக்கு ஊட்டுவதே முதற்சிகிச்சை என்பது என் எண்ணம்.

மற்றச் சிகிச்சைகள் எளியவை. அவற்றில் பலவற்றுக்குக் காசும் தேவையில்லை. ஹெலிகாப்டரின் இருக்கை விழுந்தால் உயிர் பிழைக்கச் செய்யப்பட்டது. இடிபடும்போது அமுங்கி அதிர்ச்சியைத் தாங்குவதே அதன் முதற்கடமையாதலால், நினைத்தபடி மெத்தை போட்டுவிட முடியாது. மெத்தை தடித்தால் விபத்தில் முதுகெலும்பு நொறுங்கும் அபாயம் கூடும். ஆனால் இடுப்பின் உட்குழிவில் பொருந்துமாறு ஒரு சிறு தாங்கணையை, மருத்துவரும் பொறியாளரும் இசைவளித்த வகையில் வைத்துக்கொள்ளலாம். அத்தகைய தாங்கணை வலியைக் குறைத்திருக்கிறது. ஏறியமர்ந்ததும் முதலில் இருக்கையின் உயரத்தையும், அடுத்துப் பெடலின் தூரத்தையும் தம் உடலுக்கேற்பச் சரிசெய்ய வேண்டும். இதற்கு ஒரு நிமிடமே ஆகும். அவசரத்தில் முன்னவர் விட்டுப்போன அளவிலேயே பறந்துவிடுபவர் மாலையில் அதற்கு விலை கொடுக்கிறார். இரு விமானிகள் உள்ள வண்டியில் ஓட்டுவதை மாற்றி மாற்றிக் கொடுத்தால், ஓட்டாதவர் அந்நேரம் முதுகைச் சாய்த்து, தோளை விரித்து, கால்களை நீட்டிக்கொள்ளலாம். இறங்கியதும் இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி ஐந்தாறு முறை மெல்லப் பின்னே வளைந்து, சிறிது தூரம் நடக்க வேண்டும். இறங்கிய கையோடு பெட்டியையோ எரிபொருள் குழாயையோ குனிந்து தூக்குவது தீது. நெடுநேரம் குனிந்து அதிர்ந்த முதுகுக்கு அப்போது தாங்கும் ஆற்றல் குறைவு.

இவற்றோடு உடற்பயிற்சி. தூக்கிக் காட்டும் புஜபலப் பயிற்சியன்று. முதுகெலும்பைச் சுற்றி இடுப்புக்கச்சை போலக் கட்டிக் காக்கும் வயிறு, முதுகுத் தசைகளுக்கான பயிற்சி. குப்புறப் படுத்து, முழங்கைகளையும் கால்விரல்களையும் மட்டும் ஊன்றி உடலைப் பலகைபோல் நிறுத்துவது ஒன்று. மண்டியிட்டுக் கையூன்றி, வலக்கையையும் இடக்காலையும் ஒருசேர நீட்டிப் பத்து எண்ணுவரை வைத்து, பின் மாற்றிச் செய்வது மற்றொன்று. இத்தகைய பயிற்சியை முறையாகச் செய்த ஹெலிகாப்டர் விமானிகளுக்கு வலி குறைந்ததென்று ஐரோப்பிய இராணுவ ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

பொறியாளர்களும் சும்மா இருக்கவில்லை. 1992 ஆகஸ்டில் முதன்முறை பறந்த நம் நாட்டுத் தயாரிப்பான துருவ் ஹெலிகாப்டரில், மேலே சுழலும் இறக்கைகளின் அதிர்வு கீழுள்ள உடற்பகுதிக்கு இறங்காமல் தடுக்கும் தாங்கிகளை வைத்தார்கள். ஆனால் ஒன்று தீர்ந்தால் மற்றொன்று முளைக்கிறது. இரவிலும் பார்க்க உதவும் கண்ணாடிக் கருவியைத் தலைக்கவசத்தின் முன்புறம் மாட்டுகிறார்கள். அது தலையை முன்னே இழுக்கிறதென்று பின்புறம் ஓர் எடைக்கட்டியைத் தொங்கவிடுகிறார்கள். எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். இடுப்பு பிழைத்தது, கழுத்து மாட்டிக்கொண்டது!

வாசகர்களில் ஹெலிகாப்டர் ஓட்டுபவர் வீட்டார் எத்தனை பேர் இருப்பீர்கள்? விரல்விட்டு எண்ணலாம். ஆனால் விமானியின் இருப்பில் நாள் முழுவதும் உட்காருபவர் இல்லாத வீடு நம்மிடையே குறைவு. ஸவூதியிலும் துபாயிலும் கனரக வண்டி ஓட்டும் நம் பிள்ளைகள் முதுகுவலியைச் சொன்னால் வேலை போய்விடுமென்று ஊருக்கு ஃபோன் பேசும்போதுகூட மறைக்கிறார்கள். மேலப்பாளையத்திலும் வட ஆர்க்காட்டு ஊர்களிலும் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் தாய்மார்கள், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலிக்காக எழுந்திருக்க மனமின்றிக் குனிந்தே இருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடித் தொழிற்கூடங்களில் காலணி தைப்பவர்களும் அப்படியே. இவர்கள் எவரையும் எந்த இயந்திரமும் குலுக்கவில்லை. எனினும் வலிக்கிறது. ஏன் என்பதற்கு அந்தப் பதினொருவர் விடை சொல்லிவிட்டார்கள்.

இவர்களுக்கும் மருந்து அதுவே. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். இரண்டு நிமிடம் போதும். முறத்தை மடியிலிருந்து எடுத்து ஒரு சிறு மணைமீது வையுங்கள். முதுகைச் சுவரில் சாய்த்து, இடுப்புக்குப் பின்னே மடித்த துணியைக் கொடுங்கள். வலி வந்துவிட்டால் பத்து நாள் பாயில் படுத்துவிடுவது நம் வழக்கம். அது பிழை. 1995ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சின்கி நகராட்சி ஊழியர்களில் திடீர் முதுகுவலி கண்ட 186 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். படுக்கையில் ஓய்வெடுத்தவர்களைவிடவும், அந்த வலியோடே பயிற்சி செய்தவர்களைவிடவும், தாங்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைச் செய்து நடமாடியவர்களே விரைவில் குணமடைந்தார்கள். பயிற்சி வலி தணிந்த பின் செய்ய வேண்டியது.

ஆனால் வலியோடு கால் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமற் போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லையென்றாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ, காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்தாலோ, ஒருநாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே எண்ணெய் தேய்ப்பும் சுளுக்கெடுப்பும் உதவா. மருந்துக்கடையில் பெயர் சொல்லி வாங்கும் வலி மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்குவோரின் இரைப்பையும் சிறுநீரகமும் கெடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தொழுகையே முதுகுக்குப் போதிய உடற்பயிற்சி என்று மேடைகளில் சிலர் பேசக் கேட்கிறேன். இபாதத்தை மருந்துக்கடைச் சரக்காக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தொழுகை தொழுகைக்காக. முதுகுக்குத் தனியே பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ருகூவுக்குக் குனிய முடியாத அளவு வலியிருப்பவர் நாற்காலியில் அமர்ந்து தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. பள்ளிவாசலில் அவரைப் பார்த்து முணுமுணுப்போர் இந்தக் கட்டுரையை இன்னொரு முறை படிக்கலாம்.

எங்கள் மதரஸாவில் இப்போது பாடவேளையில் அரைமணிக்கு ஒருமுறை பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள். நிமிர்ந்து நின்றபடியே அன்றைய பாடத்தை ஒருமுறை ஒப்பிக்கிறார்கள். மனனம் கெடவில்லை. சில பிள்ளைகளுக்கு நின்றால்தான் நன்றாக வருகிறது! தச்சர் ஒருவரிடம் சொல்லி, உயரமான ரைஹால் பலகைகள் பன்னிரண்டு செய்திருக்கிறோம். இன்னும் பதினெட்டு வேண்டும். அளவெடுக்க வந்த தச்சர், வளர்ந்த பிள்ளைகள் மூவரைச் சம்மணமிட்டு உட்கார வைத்து, அவர்கள் குனியாமல் எழுத்தைப் பார்க்கும் உயரம் எதுவோ அங்கே பென்சிலால் சுவரில் கோடிட்டார். கோடு இன்னும் அழியாமல் இருக்கிறது.

அந்த உயரமான சிறுவன் இப்போது வாலிபன். வேலூரில் கல்லூரியில் படிக்கிறான். சென்ற பெருநாளன்று என்னைக் காண வந்தான். அன்று தந்த தண்டனைக்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு நினைவேயில்லையாம். "முதுகு எப்படியிருக்கிறது?" என்று கேட்டேன். "நெடுநேரம் உட்கார்ந்தால் கொஞ்சம் பிடிக்கும், ஹஜ்ரத்" என்றான்.